மோனோசைட் 11 சதவீதம்: மூன்று வகை பிரித்துப் பார்க்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் வைரல் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டார். தேறி இரண்டு வாரம் கழித்து மாஸ்டர் செக்கப் செய்தோம். ரத்த ரிப்போர்ட்டில் டோட்டல் கவுண்ட் 6,200. மோனோசைட் 11 சதவீதம் என்று தடித்த எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் சரியாக இருக்கின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, மோனோசைட்டில் மூன்று வகை உண்டு, அதில் நடு வகை அதிகமானால் மாரடைப்பு வரும் என்று படித்திருக்கிறான். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையில் வகை பிரித்துச் சொல்வார்களாம், எடுத்துவிடலாம் என்கிறான். அப்பா இதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தச் சோதனை அவசியமா? ஒரே அணுவில் நல்லது, கெட்டது என்று உண்மையிலேயே இருக்கிறதா?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி படித்தது பொய் இல்லை. மோனோசைட்டில் மூன்று வகை உண்டு. நடு வகைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வும் வந்திருக்கிறது. ஆனாலும் அப்பாவுக்கு இப்போது அந்தச் சோதனை வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாதாரண ரத்த எண்ணிக்கையை ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுங்கள், கூடவே ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் ஸ்மியரும் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். போதும். படித்த செய்தி உண்மை, ஆனால் சோதனை வேண்டாம் என்றால் குழப்பமாகத்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

அந்த அம்புக்குறியிலிருந்து தொடங்குவோம். டிஃபரன்ஷியல் கவுண்ட் என்பது வெள்ளை அணுக்களின் பங்குக் கணக்கு. பாலிமார்ஃப், லிம்போசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் எல்லாம் சேர்ந்து நூறு. ஒன்றின் பங்கு குறைந்தால் மற்றவற்றின் பங்கு தானாகக் கூடிவிடும். காய்ச்சலுக்குப் பிறகு பாலிமார்ஃப் கொஞ்சம் இறங்கியிருந்தாலே போதும், மோனோசைட் ஏறியது போலத் தெரியும். அதனால் நாங்கள் சதவீதத்தை விட, மொத்தத்தில் எத்தனை என்பதைத்தான் பார்ப்போம். மொத்த வெள்ளை அணுக்களான 6,200-ல் 11 சதவீதம் என்றால் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 682 மோனோசைட். பெரியவர்களுக்கு 200 முதல் 800 வரை இருக்கலாம். 1,000-ஐத் தொட்டால்தான் பொதுவாக ‘அதிகம்’ என்று பேசத் தொடங்குவோம். சதவீதம் 10-ஐத் தாண்டினால் அம்புக்குறி போடும்படி கம்ப்யூட்டரில் அமைத்து வைத்திருப்பார்கள். அது யோசித்துப் போட்ட அம்பு இல்லை.

அந்த 11-ஐயும் அப்படியே நம்பிவிட முடியாது. ஸ்லைடில் நூறு அணுக்களைக் கையால் எண்ணி 11 வந்தால், உண்மை அளவு 5-க்கு மேல் 19 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அப்படித்தான். நூறே அணுக்களை எண்ணினால் கிடைக்கும் துல்லியம் அவ்வளவுதான். மெஷின் ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் இந்தத் தடுமாற்றம் குறைவு, ஆனால் அதற்கு வேறொரு பலவீனம் உண்டு. வைரல் காய்ச்சலில் சில லிம்போசைட்டுகள் தடித்து உருமாறிவிடும். டெங்கு சீசனில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரும் எல்லோருக்கும் இவை பழக்கமான முகங்கள். மெஷின் சில சமயம் இவற்றை மோனோசைட் கணக்கில் சேர்த்துவிடும். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது என்பதால் இதற்கும் வாய்ப்பு இருக்கிறது. ஸ்மியர் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, பழகிய கண் ஒன்று ஐந்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, அந்த மூன்று வகைக்கு வருவோம்.

மோனோசைட் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்களில் உருவில் பெரியது இதுதான். நியூக்ளியஸ் சிறுநீரக வடிவில் மடிந்து, சுற்றிலும் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். ரத்தத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் ரத்தக் குழாயைத் துளைத்து வெளியே போய், மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தின்னி அணுவாக மாறும். (நாங்கள் படித்த காலத்தில் உடம்பிலுள்ள எல்லா மேக்ரோஃபேஜும் மோனோசைட்டிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூளை போன்ற இடங்களில் இருப்பவை கருவிலேயே குடியேறியவை என்பது பிறகு தெரிய வந்தது.)

ஸ்லைடில் பார்த்தால் எல்லா மோனோசைட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். அவை ஒரே மாதிரி இல்லை என்பது 1989-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆய்வாளர்கள் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தபோது தெளிவானது. இந்தக் கருவியில் ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளை ரத்தத்தோடு கலப்பார்கள். ஒவ்வொரு ஆன்டிபாடியும் அணுவின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும். பிறகு அணுக்களை வரிசையாக, ஒவ்வொன்றாக, லேசர் ஒளியைக் கடந்து ஓடவிட்டால் எது எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்துவிடலாம். மோனோசைட்டுக்குப் பயன்பட்ட புரதங்கள் சிடி14, சிடி16 என்ற இரண்டு. ஸ்கேன் சென்டரில் எடுக்கும் சிடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த இரண்டு புரதங்களுக்கும் சொந்தமாக வேலை உண்டு. சிடி14, ஒரு வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சை அடையாளம் காண உதவும் கைப்பிடி. சிடி16, ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளை, அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக் கவ்வும் கொக்கி. எந்த அணுவில் எது தூக்கலாக இருக்கிறது என்று பார்த்தாலே அதன் போக்கு ஓரளவு புரிந்துவிடும். 2010-ல் ஒரு சர்வதேசக் குழு கூடி மூன்று வகையாகப் பெயர் வைத்தது. சிடி14 நிறைய, சிடி16 இல்லை என்றால் கிளாசிக்கல். சிடி14 நிறைய இருந்து சிடி16-ம் வரத் தொடங்கியிருந்தால் இன்டர்மீடியட், அதாவது உங்கள் தம்பி சொல்லும் நடு வகை. சிடி14 குறைந்து சிடி16 நிறைந்திருந்தால் நான்-கிளாசிக்கல். ஆரோக்கியமான ஒருவரின் மோனோசைட்டுகளில் சுமார் 85 சதவீதம் முதல் வகை. நடு வகை 5 சதவீதம் போல. மிச்சம் மூன்றாவது.

கிளாசிக்கல் வகைதான் அடிபிடி வேலைக்காரன். எங்கேயாவது தொற்றோ காயமோ ஏற்பட்டால் அந்த இடத்துத் திசுக்கள் ரத்தத்துக்குள் ஒரு ரசாயன அழைப்பை அனுப்பும். அந்த அழைப்பைக் கேட்கும் ஏற்பி, சிசிஆர்2 என்று பெயர், இந்த வகையில்தான் அதிகம். மஜ்ஜையிலிருந்து வெளியேறி ரத்தத்துக்கு வரவும் இதே ஏற்பி வேண்டும். இது பாக்டீரியாவை விழுங்கும், விழுங்கியதை உள்ளே வைத்து எரிக்கும், மற்ற அணுக்களை வரவழைக்கும் புரதங்களைச் சுரக்கும். சண்டை முடிந்த பிறகு காயம் ஆறவும் இதே வகையிலிருந்து வந்த மேக்ரோஃபேஜ்கள் வேண்டும். இதய ரத்தக்குழாயின் சுவரில் கொழுப்புப் படியும்போது அங்கே நுழைந்து, கொழுப்பைத் தின்று, வெளியேற முடியாமல் உப்பிப்போய் அடைப்பின் ஒரு பகுதியாகிவிடுவதும் பெருமளவு இதுவேதான். நல்லதா கெட்டதா என்று கேட்டீர்கள். காலில் முள் குத்திய அன்றைக்கு நல்லது, அந்த ரத்தக்குழாய்க்குள் கெட்டது. அணு ஒன்றுதான், அது போய் நிற்கும் இடம்தான் வேறு.

நான்-கிளாசிக்கல் வேறு மாதிரி. உருவில் கொஞ்சம் சிறியது. சிசிஆர்2 இதில் மிகக் குறைவு, அதனால் முதல் வகை போல அழைப்பைக் கேட்டு ஓடாது. ரத்தக்குழாயின் உட்சுவரை ஒட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து ரோந்து போகும். ரத்த ஓட்டத்தின் திசையில்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை, எதிர்த்தும் போகும். முதலில் எலியின் ரத்தக்குழாயில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். பிறகு மனித அணுக்களை எலிக்குள் செலுத்தி, அவையும் அப்படியே ஊர்வதைக் கண்டார்கள். உட்சுவரில் சிதைந்த அணுக்களைத் துப்புரவு செய்வது இதன் வேலைகளில் ஒன்று. பாக்டீரியாவின் எண்டோடாக்சினைக் காட்டினால் பெரிதாக அசைந்து கொடுக்காது. வைரஸின் மரபுப் பொருளைக் காட்டினால் சுறுசுறுப்பாகிவிடும். உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் ஆய்வாளர்கள் இதன் மேல் ஒரு கண் வைத்திருப்பதும் அதனால்தான். அங்கே உடம்பின் சொந்த மரபுப் பொருளே ஆன்டிபாடியோடு சேர்ந்து ரத்தத்தில் சுற்றும், இது அதை வைரஸ் என்று எடுத்துக்கொள்ளும். கொரோனா கடுமையாகத் தாக்கியவர்களின் ரத்தத்தில் இந்த மூன்றாவது வகை வெகுவாகக் குறைந்துபோனதை 2020-ல் பல குழுக்கள் கவனித்தன.

நடுவில் இருக்கும் இன்டர்மீடியட் பற்றித்தான் அதிகச் சண்டை. எண்ணிக்கையில் மிகக் குறைவு. அப்பாவின் 682-ல் ஐந்து சதவீதம் என்று வைத்தால் முப்பத்துச் சொச்சம். ஆனால் எச்எல்ஏ-டிஆர் என்ற தட்டு இதில்தான் அதிகம். விழுங்கிய கிருமியின் துண்டை அந்தத் தட்டில் வைத்து டி லிம்போசைட்டுகளுக்குக் காட்டுவது இதன் முக்கியத் திறமை. டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களையும் தாராளமாகச் சுரக்கும். எச்ஐவி வைரஸ் உள்ளே நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற கதவும் இதில் கூடுதல். காசநோய், செப்சிஸ், மூட்டுவாதம், சிறுநீரகம் செயலிழந்த நிலை என்று எங்கே அழற்சி இருக்கிறதோ அங்கெல்லாம் இதன் பங்கு கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். டெங்குவின் ஆரம்ப நாட்களிலும் சிடி16 உள்ள மோனோசைட்டுகள் பெருகும். அவை பி லிம்போசைட்டுகளை ஆன்டிபாடி தயாரிக்கத் தூண்டுகின்றன என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. ‘அழற்சி மோனோசைட்’ என்று இந்த வகைக்கு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது இதனால்தான். எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடு இல்லை. சோதனைக் குழாயில் எந்தப் பொருளைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து எந்த வகை அதிகம் சுரக்கிறது என்பதும் மாறுகிறது. ஒரு பொருளுக்கு மூர்க்கமாகத் தெரிகிற வகை இன்னொன்றுக்குச் சாதுவாக இருக்கும்.

ஆனால் இவை மூன்றும் தனித்தனி ஜாதி இல்லை. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தன்னார்வலர்களுக்குக் கன ஹைட்ரஜன் சேர்த்த குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, அந்தக் குறி எந்த அணுவில் எப்போது தோன்றி மறைகிறது என்று நாள் கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். மஜ்ஜையிலிருந்து வெளியே வருவது கிளாசிக்கல் வகைதான். ரத்தத்தில் அது இருப்பது சுமார் ஒரு நாள். அதற்குள் பெரும்பாலானவை திசுக்களுக்குள் போய்விடும் அல்லது இறந்துவிடும். தங்கிவிட்ட சில, இன்டர்மீடியட்டாக மாறிச் சுமார் நான்கு நாள் இருக்கும். பிறகு நான்-கிளாசிக்கலாகி இன்னும் ஒரு வாரம் போல. ஆக, ஒரே அணு வயதாக ஆக வேறு வேலைக்கு மாறுகிறது. நீங்கள் கேட்ட நல்லது, கெட்டது என்ற பிரிவினை இங்கே பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இதே ஆய்வின் இன்னொரு பகுதி உங்கள் அப்பா விஷயத்துக்கு நேராகவே பொருந்தும். சில தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவில் எண்டோடாக்சின் செலுத்திப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் ரத்தத்தில் மூன்று வகையுமே காணாமல் போயின. பிறகு மஜ்ஜை அவசரமாகக் கிளாசிக்கல் அணுக்களை வெளியே தள்ளியது. மற்ற இரண்டும் வரிசைப்படி பின்னால் வந்தன. அதாவது உடம்பு ஒரு தாக்குதலுக்குப் பிறகு தேறி வரும் நாட்களில் இந்த விகிதம் நாளுக்கு நாள் மாறக்கூடியது. காய்ச்சலில் இருந்து எழுந்த புதிதில் எடுத்த கணக்கை வைத்து அவருடைய வழக்கமான அளவு இதுதான் என்று சொல்ல முடியாது. தொற்று விட்டுத் தேறும்போது மோனோசைட் மொத்தமாகவே கொஞ்சம் ஏறியிருப்பதும் எங்கள் துறையில் அன்றாடம் பார்க்கிற விஷயம்.

இப்போது மாரடைப்புச் செய்தி. உங்கள் தம்பி படித்தது பெரும்பாலும் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வைப் பற்றியதாக இருக்கும். இதயத்துக்கு ஆஞ்சியோகிராம் எடுக்க முன்கூட்டியே நாள் குறித்து வந்த 951 பேரின் ரத்தத்தில் மூன்று வகைகளையும் அளந்து, பிறகு யாருக்கெல்லாம் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் நேர்ந்தது என்று பார்த்தார்கள். வயது, சர்க்கரை, புகை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இன்டர்மீடியட் அதிகம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே இருந்தது. கவனமாகச் செய்த ஆய்வுதான். ஆனால் அதே 2012-ல் ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் பொதுமக்களிடம் செய்த, சுமார் 700 பேர் கொண்ட இன்னொரு ஆய்வும் வந்தது. அதில் மாரடைப்பை முன்கூட்டிக் காட்டியது நடு வகை இல்லை, கிளாசிக்கல். இரண்டில் ஒன்று தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இதய நோய் என்று சந்தேகப்பட்டு வந்தவர்கள் ஒரு பக்கம், சாதாரண ஜனங்கள் இன்னொரு பக்கம். அளந்த முறையும் ஒன்றில்லை. ஆனால் இந்த நிலையில், தஞ்சாவூரில் இருக்கும் ஒருவருக்கு நடு வகை 8 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தால் நான் என்ன மருந்தை மாற்றுவது? எதையும் மாற்ற முடியாது. இந்த வகையைக் குறி வைத்துக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று காட்டி, நடைமுறைக்கு வந்த சிகிச்சை எதுவும் கிடையாது.

ஒரு சோதனை எப்போது உருப்படியானது? விடை எப்படி வந்தால் என்ன செய்வோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதே ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எச்ஐவி உள்ளவர்களுக்கு சிடி4 எண்ணிக்கை பார்க்கிறோமே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் டி லிம்போசைட்டின் ஒரு வகைதான். சிடி4 உள்ளவை மற்ற அணுக்களுக்குக் கட்டளையிடும், சிடி8 உள்ளவை வைரஸ் புகுந்த அணுவை நேரடியாகக் கொல்லும். சிடி4 200-க்குக் கீழே போனால் நிமோசிஸ்டிஸ் என்ற நிமோனியா பிடிக்கும் ஆபத்து தெரியும், தடுப்பு மாத்திரையும் கையில் இருக்கிறது. எண் வந்ததும் மருத்துவரின் கை எங்கே போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. மோனோசைட் வகைகளுக்கு இதய விஷயத்தில் அப்படி ஓர் எண் இன்னும் கிடையாது.

அளப்பதிலேயே சிக்கல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் இந்த அணுக்கள் மூன்று குவியலாகத் தனித்தனியே நிற்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகிறவை அல்லவா, வளைந்த ஒரே பட்டையாகப் பரவிக் கிடக்கும். வரப்பே இல்லாத வயலில் நாமாக வரப்பு போட்டு இது உனது, இது எனது என்று பிரிப்பது மாதிரிதான் நடு வகையின் எல்லை. கோட்டை ஒரு விரல் நகர்த்தினால் 5 சதவீதம் 8 ஆகிவிடும். ஒரு லேப் போடும் கோட்டில் இன்னொரு லேப் போடாது. லேபுக்கு வரும்போது மாடிப்படியில் வேகமாக ஏறி வந்தால், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த மூன்றாவது வகை அணுக்கள் கழன்று ஓட்டத்தில் கலந்து எண்ணிக்கை சட்டென்று ஏறும். மூச்சிரைப்புக்கோ மூட்டு வலிக்கோ பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சாப்பிட்டால் சிடி16 உள்ளவை கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது போல மறைந்துவிடும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் அளவு மாறும். ஊரில் எடுத்த ரத்தத்தைச் சென்னைக்கோ மும்பைக்கோ கூரியரில் அனுப்புகிற லேபுகள் இருக்கும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் இந்த மூன்று வகைச் சோதனை எதற்குமே ஆகாதா என்றால், ஆகும். வேறு ஒரு நோய்க்கு. முக்கியமாக வயதானவர்களுக்கு வரும் சிஎம்எம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் ஒன்று உண்டு. மோனோசைட்டுகள் காரணமில்லாமல், மாதக்கணக்கில், ஏறியே இருக்கும். தொற்றினால் ஏறியதா, இந்த நோயினால் ஏறியதா என்று பிரிப்பது பல சமயம் தலைவலி. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு வழி காட்டினார்கள்: மொத்த மோனோசைட்டில் கிளாசிக்கல் வகை 94 சதவீதத்தைத் தாண்டினால் இந்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தொற்றிலும் அழற்சியிலும் நடு வகை கூடும். இந்த நோயில் நேர்மாறாக, நடுவும் மூன்றாவதும் ஒடுங்கி முதல் வகையே எல்லாமாக நிற்கும். உங்கள் தம்பி எது கூடுமோ என்று பயப்படுகிறாரோ, லேபில் நாங்கள் அது குறைந்துவிட்டதா என்றுதான் தேடுகிறோம். 2022-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்த விகிதக் கோளாறு துணைச் சான்றுகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதைப் படித்ததும் நீங்களோ தம்பியோ இன்னும் தேடிப் பார்ப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது. அந்த 2022 விதியில் மோனோசைட் அளவின் வாசலை 1,000-லிருந்து 500-க்கு இறக்கியிருக்கிறார்கள், சதவீதம் 10-க்கு மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 682-ம் 11-ம் அந்த வாசலைத் தாண்டுகின்றனவே என்று பதற வேண்டாம். அது தொடர்ந்து நீடிக்கிற உயர்வுக்கான விதி, காய்ச்சல் விட்ட புதிதில் எடுத்த ஒற்றை ரிப்போர்ட்டுக்கானது இல்லை. அதோடு, அளவு 1,000-க்குக் கீழே இருக்கும்போது மஜ்ஜை அணுக்களின் உருவத்தில் கோளாறும், மரபணு மாற்றத்துக்கான சான்றும் இரண்டுமே இருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்ல முடியும். ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் சரியாக இருக்கிற அப்பாவுக்கு இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை. மறு பரிசோதனையை மறந்துவிடாமல் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் காசநோய். நம் ஊரில் மோனோசைட் ஏறி, இறங்காமல் நின்றால் நான் முதலில் நினைப்பது புற்றுநோயை இல்லை, டிபியைத்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் மேலுக்குச் சூடு, ராத்திரி வியர்வை, காரணம் இல்லாமல் எடை இறங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். வகை பிரிக்கும் சோதனைக்கு ஆகும் பணத்தை விட இது எவ்வளவோ மலிவு, கிடைக்கிற பதிலும் உருப்படியானது.

இதயத்தைப் பற்றிய கவலை நியாயமானது. அறுபத்தேழு வயது, சர்க்கரை, பிரஷர். மாரடைப்பு ஆபத்து அவருக்கு இருக்கத்தான் செய்கிறது, மோனோசைட் எந்த வகையாக இருந்தாலும். அதைக் குறைக்கும் வழிகள் அலுப்புத் தட்டும் அளவுக்குத் தெரிந்தவை: மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்பிஏ1சி, எல்டிஎல் கொழுப்பு, பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்பது. மாஸ்டர் செக்கப்பில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கும், அம்புக்குறி இல்லாததால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இந்த வயதில் சர்க்கரை உள்ள பெரும்பாலானவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. அப்பா அதைச் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஏன் இல்லை என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் அதை விடுவது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய லாபம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மூச்சு வாங்குவதோ இருந்தால் ரிப்போர்ட்டை எல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே போய் இசிஜி எடுங்கள்.

மறு பரிசோதனை பற்றி: காய்ச்சல், சளி, பல் வலி எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். அதே லேபில் எடுத்தால் ஒப்பிடுவது சுலபம். மெஷின் கணக்கோடு, பேத்தாலஜிஸ்ட் பார்த்த ஸ்மியர் ரிப்போர்ட்டும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இடையில் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள், அது வெள்ளை அணுக்களின் எல்லாக் கணக்கையும் புரட்டிவிடும். பெரும்பாலும் 7, 8 சதவீதம் என்று வந்து கதை முடிந்துவிடும். வந்த எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டினாலோ, அப்போதும் 10 சதவீதத்துக்கு மேலேயே நின்று கூடவே ஹீமோகுளோபின், பிளேட்லெட் குறையத் தொடங்கினாலோ, ரத்தநோய் நிபுணரிடம் காட்டுங்கள். அந்த மூன்று வகைச் சோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

வீட்டில் பழைய ரத்த ரிப்போர்ட் ஏதாவது கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் கண் ஆபரேஷனுக்காகவோ, வேறு எதற்காகவோ எடுத்தது இருந்தாலும் சரி. அதில் மோனோசைட் 9 என்றோ 10 என்றோ இருந்தால் உங்கள் அப்பாவின் உடல்வாகே அப்படித்தான் என்று அர்த்தம், டாக்டருக்கும் பாதி வேலை மிச்சம். புது ரிப்போர்ட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.